வாசலில் சீமை அத்தி: சுங்கை சிப்புட்டில் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில், எங்கள் தாமான் (குடியிருப்பு) வீட்டு வாசலில் நான்கு சீமை அத்தி மரங்கள் தொட்டியில் நிற்கின்றன. காலைச் சந்தைக்குப் போகிறவர்கள் வேலியோரம் நின்று, "அக்கா, இது தீன் மரம்தானே?" என்று ஆரம்பிப்பார்கள். பேச்சு அரை மணி நேரம் ஓடும். கோயிலிலும் இதே கேள்விகள், கல்யாண வீட்டிலும் இதே கேள்விகள். அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். தோட்டத்துச் செம்பனை நாற்றுப்பண்ணையில் 11 ஆண்டுகள் பாலிபேக்கில், அதாவது நாற்று வளர்க்கும் பிளாஸ்டிக் பையில், மண் நிரப்பியவள் நான். அத்தியோடு பழகியது 8 ஆண்டுகள். அந்த அனுபவத்திலிருந்துதான் சொல்கிறேன்.

அத்தி குளிர் நாட்டு மரம் ஆயிற்றே, நம் வெயிலைத் தாங்குமா?

அது குளிர் நாட்டு மரம் இல்லை. அதன் சொந்த ஊர் மேற்கு ஆசியாவும் மத்தியதரைக் கடலைச் சுற்றிய நாடுகளும். அங்கே கோடை நம் ஊரைவிடக் கடுமையாகக் காயும். வெயில் அதற்குப் பிடித்த விஷயம். ஒரு நாளைக்கு 6 மணி நேரமாவது நேர் வெயில் கிடைக்காவிட்டால் இலை மட்டும் பெரிதாகும், காய் வராது.

நம் ஊரில் அதற்கு ஆகாதது மழைதான். அதன் சொந்த ஊரில் கோடையில், அதாவது காய் முற்றும் காலத்தில், மழை அனேகமாகக் கிடையாது. நமக்கோ ஏப்ரல், மே மாதங்களில் ஒரு தடவை, அக்டோபர், நவம்பரில் இன்னொரு தடவை கொட்டித் தீர்க்கும். நடுவிலும் சாயங்கால மழைக்குக் குறைவில்லை. கீழே நான் சொல்லப்போகும் பதில்களில் பாதி இந்த ஒரு காரணத்தால் வந்தவை: இலையையும் வேரையும் ஈரத்திலிருந்து காப்பாற்றினால் அத்தி நம்மிடம் வாழும்.

இதில் நமக்கு ஒரு லாபமும் உண்டு. குளிர் நாடுகளில் மரம் இலை உதிர்த்துத் தூங்கிவிடும். நமக்குக் குளிர்காலமே இல்லாததால் ஆண்டு முழுக்கத் துளிர்க்கும், ஆண்டு முழுக்கக் காய்க்கும்.

அத்தி, சீமை அத்தி, தீன் எல்லாம் ஒன்றா?

சீமை அத்தியும் தீனும் ஒன்று. மலாய்க்காரர்கள் தீன் என்பார்கள். குர்ஆனின் 95-வது அத்தியாயத்தின் பெயரே அதுதான். அதனால் முஸ்லிம் வீடுகளில் இந்த மரத்துக்குத் தனி மரியாதை. எனக்கு முதல் குச்சியைக் கொடுத்ததும் எதிர்வீட்டு மலாய் மக்சிக் (அத்தை)தான்.

நம் பாட்டிகள் சொன்ன நாட்டு அத்தி வேறு மரம். அது பெரிதாக வளரும், அடிமரத்திலேயே கொத்துக் கொத்தாகக் காய்க்கும். 2019-ல் காஞ்சிபுரத்தில் 48 நாள் தரிசனம் கொடுத்த அத்தி வரதர் சிலை அந்த அத்தி மரத்தில் செய்தது என்பார்கள். ஆலும் அரசும்கூட இதே குடும்பம்தான்.

"அத்தி பூத்தாற் போல" என்கிறோமே, அதற்குக் காரணம் உண்டு. அத்தி பூக்காமல் இல்லை. நாம் காய் என்று நினைப்பது ஒரு மூடிய பை. நூற்றுக்கணக்கான பூக்கள் அந்தப் பைக்குள்ளே பூக்கின்றன. பழத்தைப் பிட்டால் உள்ளே நூல் நூலாகத் தெரிகிறதே, அதெல்லாம் பூக்கள்தான்.

நான் சைவம். அத்திப்பழத்துக்குள் குளவி இருக்கும் என்கிறார்கள், உண்மையா?

நம் வீட்டு மரத்துப் பழத்தில் இருக்காது. தைரியமாகச் சாப்பிடுங்கள்.

விஷயம் இதுதான். ஒவ்வொரு அத்தி இனத்துக்கும் அதற்கென்று ஒரு சிறு குளவி உண்டு. பழத்தின் அடியில் இருக்கும் கண் வழியாக உள்ளே நுழைந்து மகரந்தம் சேர்ப்பது அதன் வேலை. சீமை அத்தியில் ஸ்மிர்னா என்று ஒரு வகை இருக்கிறது. குளவி வராவிட்டால் அதன் காய் பழுக்காமல் உதிர்ந்துவிடும். துருக்கியிலிருந்து வரும் உலர் அத்தி பெரும்பாலும் அந்த வகை. அதில் குளவி நுழைந்திருக்கலாம். ஆனால் உள்ளே இறந்த குளவியைப் பழத்தில் உள்ள நொதி கரைத்துவிடும். நாம் வீட்டில் வளர்ப்பது குளவியே தேவைப்படாமல் தானாகப் பழுக்கும் வகை. நம் காட்டு அத்திகளின் குளவிகளும் இதைத் தேடி வருவதில்லை. "அத்திப் பழத்தைப் பிட்டால் அங்கெல்லாம் புழு" என்ற பழமொழி நாட்டு அத்தியைப் பார்த்துச் சொன்னது.

தீபாவளிக்கு வாங்கிய உலர் அத்தியின் விதையைப் போட்டால் முளைக்குமா?

முளைக்கலாம். ஆனால் வேண்டாம். ஏறக்குறைய பாதிக் கன்றுகள் ஆண் மரங்களாகிவிடும், அவற்றில் சாப்பிடக்கூடிய பழம் வராது. மீதிப் பாதியும் தாயைப் போலக் குளவி கேட்கும் வகையாக இருக்க வாய்ப்பு அதிகம். கலிபோர்னியா விவசாயிகள் 1880-களில் ஸ்மிர்னா அத்தியை ஆசையாக நட்டார்கள். மரம் செழித்தது, காய் மட்டும் உதிர்ந்துகொண்டே இருந்தது. 1899-ல் அந்தக் குளவியைக் கொண்டுவந்து குடியேற்றிய பிறகுதான் பழம் கிடைத்தது. இங்கே அந்தக் குளவி கிடையாது. குச்சியோ பதியமோ (கிளையிலேயே வேர் விடவைத்து வெட்டிய கன்று) வாங்கி வையுங்கள்.

எந்த ரகம் வாங்கலாம்?

மசுய் டாஃபின், பிரவுன் டர்க்கி. முதல் மரத்துக்கு இந்த இரண்டில் ஒன்று போதும். மசுய் டாஃபின் ஜப்பானில் அதிகம் பயிராகும் ரகம். நம் ஊரில் எம்டி என்று சுருக்கிச் சொல்வார்கள். சீக்கிரம் காய்க்கும், பழமும் பெரிது. ஆனால் அதன் கண் கொஞ்சம் திறந்திருக்கும். மழை நாளில் தண்ணீரும் எறும்பும் அது வழியாக உள்ளே போய்ப் பழம் புளித்துவிடும். பிரவுன் டர்க்கி எளிதில் சாகாத மரம். இனிப்பு வேண்டுமென்றால் வயலட் டி போர்டோ. பழம் சின்னது, கறுப்பு, ருசி அபாரம். என்னிடம் முதல் ரகத்தில் இரண்டும் மற்ற இரண்டில் ஒவ்வொன்றும் உள்ளன.

பச்சைக் கோடு போட்ட புலி அத்தி பார்க்க அழகு, ஆனால் மெதுவாக வளரும். அதை இரண்டாவது மரமாக வாங்குங்கள்.

அரிய ரகம் என்று பெயர் சொல்லி விற்கும் குச்சிகளில் கவனம் வேண்டும். இணையத்தில் ஒருவரிடம் 180 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்து ஒரு குச்சி வாங்கினேன். ஒன்றரை வருடம் வளர்த்துப் பார்த்தால் காய்த்தது சாதாரண பிரவுன் டர்க்கி. குச்சியையும் இலையையும் பார்த்து ரகத்தை உறுதியாகச் சொல்ல முடியாது. முடிந்தால் பழம் நிற்கும் தாய்மரத்தை நேரில் பார்த்து, அதிலிருந்து எடுத்த பதியத்தை வாங்குங்கள்.

தரையில் நடலாமா, தொட்டியில் வைக்கலாமா?

தொட்டி. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

என் முதல் மரத்தை வீட்டுக்குப் பின்னால் தரையில்தான் நட்டேன். ஒன்பது மாதத்தில் என் தோள் உயரம் வந்தது. பன்னிரண்டு காய்கள் இருந்தன. நவம்பர் மழையில் நான்கு நாள் தண்ணீர் தேங்கியது. ஐந்தாம் நாள் இலைகள் தொங்கின. தண்ணீர் போதவில்லையோ என்று இன்னும் கொஞ்சம் ஊற்றினேன், அதுதான் நான் செய்த தவறு. பிடுங்கிப் பார்த்தபோது வேரெல்லாம் பழுப்பாகி, தொட்டால் தோல் உரிந்து வந்தது. நாற்றுப்பண்ணையில் அழுகிய வேரை எத்தனையோ தடவை பார்த்தவள், சொந்த மரத்தில் கவனிக்காமல் விட்டுவிட்டேன். அன்று மனசு மிகவும் கஷ்டப்பட்டது.

நம் செம்மண் புளிப்பு மண். அத்திக்குப் புளிப்பு ஆகாது. கார அமில அளவு 6-லிருந்து 7.5 வரை இருந்தால் நல்லது. நம் தோட்டப்புற மண்ணில் பல இடங்களில் அது 5-க்கும் கீழே இருக்கும். தரையில் வேர்முடிச்சுப் புழுவின் தொல்லையும் உண்டு. தொட்டி என்றால் மண்ணும் தண்ணீரும் நம் கையில்.

என் கலவை: மேல்மண் 3 பங்கு, தேங்காய் நார்த்தூள் 2 பங்கு, கருக்கிய உமி 2 பங்கு, நன்றாக மக்கிய ஆட்டுப் புழுக்கை 1 பங்கு. ஒரு பெரிய தொட்டிக்கு ஒரு கைப்பிடி டோலமைட் சுண்ணாம்பு. தோட்டத்தில் ஜிஎம்எல் என்று மூட்டை மூட்டையாக வருமே, அதுதான். மூன்று மாதத்துக்கு ஒரு முறை இன்னொரு கைப்பிடி தூவுவேன். கோழி எருவையோ ரசாயன உரத்தையோ சுண்ணாம்போடு ஒரே நாளில் போடாதீர்கள். தழைச்சத்து ஆவியாகப் போய்விடும். இரண்டு வாரம் இடைவெளி விடுங்கள்.

தொட்டி 18 அங்குல அகலத்துக்குக் குறைய வேண்டாம். பெரிய கறுப்பு பாலிபேக்கும் நன்றாகவே உழைக்கும், விலையும் குறைவு. எதில் வைத்தாலும் மூன்று செங்கல் அடுக்கி அதன் மேல் உட்காரவையுங்கள். அடித்துளை தரையில் அடைபட்டால் தொட்டியும் குளம்தான்.

வீட்டில் எந்த இடம் சரி?

காலை வெயில் முழுதாக விழுந்து, மழை நேராக விழாத இடம். கார் நிறுத்துமிடத்துக் கூரையின் ஓரம் பல வீடுகளில் அப்படி இருக்கும். இல்லாவிட்டால் நான்கு கால் நட்டு, மேலே ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தகடு போட்டால் போதும். பக்கங்களை மூடாதீர்கள், காற்று போக வேண்டும். நான் கூரை போட்டது மூன்றாம் ஆண்டில். அதுவரை வருடத்தில் இரண்டு முறை மரம் மொட்டையாகும். கூரை வந்த பிறகு ஒரு தடவைகூட முழு மொட்டை ஆகவில்லை. உரம், மருந்து, அரிய ரகம் என்று செலவு செய்வதற்கு முன் அந்தக் காசைக் கூரைக்குப் போடுங்கள்.

தண்ணீர் எத்தனை தடவை?

விரலை இரண்டு அங்குலம் மண்ணில் விட்டுப் பாருங்கள். காய்ந்திருந்தால் அடித்துளையில் வழியும் வரை ஊற்றுங்கள், ஈரமாக இருந்தால் விடுங்கள். கூரைக்குக் கீழே, காய் பிடித்த மரத்துக்கு அனேகமாகத் தினம் ஒரு முறை. பிப்ரவரி வெயிலில் இரண்டு முறை. நாலு நாள் காயவிட்டு ஒரேயடியாக ஊற்றினால் காய் உதிரும், பழுக்கும் பழம் வெடிக்கும்.

என்ன உரம்?

வளரும் வரை பச்சை உரம், அதாவது 15:15:15 (தழை, மணி, சாம்பல் சத்துகளின் அளவு). காய் வர ஆரம்பித்ததும் நீல உரம், 12:12:17. இரண்டு வாரத்துக்கு ஒரு மேசைக்கரண்டி, தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளி. கன்றாக இருந்தால் ஒரு தேக்கரண்டி போதும். யூரியா வேண்டாம், இலைதான் மண்டும்.

கிளையை வெட்ட மனசு வரவில்லை. வெட்டத்தான் வேண்டுமா?

வெட்டுங்கள். புதுத் துளிரில், இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்தில்தான் காய் வரும். பழைய கிளையில் இலை உதிர்ந்த இடத்தில் மறுபடி காய்ப்பது அரிது. புதுக்கிளை இல்லையென்றால் காயும் இல்லை. ஒரு காய்ப்பு முடிந்ததும், மழை இல்லாத வாரமாகப் பார்த்து, ஒவ்வொரு கிளையிலும் இரண்டு மூன்று கணு விட்டு வெட்டிவிடுவேன். கத்தியை ஸ்பிரிட்டில் துடைத்துவிட்டு வெட்டுங்கள். ஒரு கன்றில் மூன்று அல்லது நான்கு முதன்மைக் கிளைகள் போதும்.

வெட்டிய குச்சியை என்ன செய்வது?

பென்சில் தடிமனில், ஒரு சாண் நீளத்துக்கு, பழுப்பேறிய குச்சியாக எடுங்கள். பால் வடிந்து காயட்டும். ஈர நார்த்தூளில் பாதி புதையும்படி நட்டு நிழலில் வையுங்கள். மூன்று நான்கு வாரத்தில் வேர் வரும். இலை வந்துவிட்டதே என்று அவசரப்படாதீர்கள். குச்சி தன்னிடம் உள்ள சேமிப்பைக் கொண்டே முதல் இலையை விட்டுவிடும், வேர் அப்புறம்தான். தெளிவான பிளாஸ்டிக் கோப்பையில் வைத்தால் வேரைக் கண்ணால் பார்க்கலாம்.

இலையின் அடியில் துருப்பிடித்த மாதிரிப் புள்ளி வந்து, எல்லா இலையும் கொட்டுகிறது. செத்துவிடுமா?

சாகாது. இதற்குத் துருநோய் என்றே பெயர், பூஞ்சை. மேலே மஞ்சள் புள்ளி, திருப்பிப் பார்த்தால் பழுப்புத் தூள். இலையில் பல மணி நேரம் ஈரம் நின்றால் இது பரவும். என்னிடம் வரும் பத்துக் கேள்வியில் நான்கு இதைப் பற்றித்தான்.

செய்ய வேண்டியது: நோய் வந்த இலையைப் பறித்து, கீழே விழுந்ததையும் பொறுக்கி, பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள். உரக்குழியில் போட்டால் அதே தூள் திரும்பி வரும். தண்ணீரைத் தலையில் ஊற்றாமல் மண்ணில் ஊற்றுங்கள். தொட்டிக்கும் தொட்டிக்கும் நடுவே ஒரு ஆள் நடக்கும் இடம் விடுங்கள். மழைக்காலம் தொடங்கும் முன்பே செம்பு கலந்த பூஞ்சைக்கொல்லியை, டப்பாவில் எழுதியுள்ள அளவுப்படி, இலையின் அடிப்பக்கமும் நனையும்படி அடிக்கலாம். பழுக்கப் போகும் காய் இருக்கும்போது நான் எதையும் அடிப்பதில்லை. நோய் முற்றிய பிறகு அடித்துப் பயன் குறைவு.

இலையில் வெளிர் மஞ்சள் திட்டுத் திட்டாக, ஒழுங்கில்லாத வடிவத்தில் இருந்தால் அது தேமல் நச்சுயிரி. அதற்கு மருந்து இல்லை. மரம் அதோடு வாழும், காய்க்கவும் செய்யும். அதிலிருந்து குச்சி எடுத்து யாருக்கும் கொடுக்காதீர்கள்.

தண்டில் ஓட்டை, கீழே மரத்தூள் கொட்டிக் கிடக்கிறது?

இன்றைக்கே பாருங்கள். நீளக் கொம்பு வைத்த வண்டின் புழு உள்ளே இருக்கிறது. மா, பலா, டுரியானைத் துளைப்பதும் இதே வண்டுதான். மெல்லிய கம்பியை ஓட்டையில் விட்டுப் புழுவைக் குத்தி எடுத்து, ஓட்டையை மெழுகாலோ களிமண்ணாலோ அடையுங்கள். புழு ஏற்கெனவே நெடுந்தூரம் தின்றிருந்தால், நல்ல மரம் தெரியும் வரை கிளையை வெட்டிவிடுங்கள்.

காய் கட்டைவிரல் அளவில் ஒரு மாதமாக அப்படியே நிற்கிறது. என்ன குறை?

ஒரு குறையும் இல்லை. அத்திக்காய் முதலில் வேகமாகப் பெருக்கும். அப்புறம் பல வாரம் அசையாமல் நிற்கும். கடைசி ஒரு வாரத்தில் திடீரென்று இரண்டு மடங்காகி, நிறம் மாறி, காம்பு தொங்கும். மொத்தம் இரண்டரை மாதத்திலிருந்து நான்கு மாதம் வரை ஆகும். நடுவில் பயந்துபோய் உரத்தைக் கொட்டுகிறவர்கள்தான் காயை இழக்கிறார்கள்.

பழம் தொங்கி, தொட்டால் மெத்தென்று இருக்கும்போது பறியுங்கள். வாழை மாதிரி பறித்து வைத்துப் பழுக்க வைக்க முடியாது. நிறம் மாறத் தொடங்கிய அன்றே வலைப்பை கட்டிவிடுங்கள். மைனாவும் அணிலும் நமக்கு முன்னால் எழுந்துவிடும், ராத்திரி வௌவால் வேறு.

பால் பட்டுக் கை கறுத்துவிட்டது. பால்மரத்து (ரப்பர் மரத்து) பால் இப்படிச் செய்ததில்லையே?

இது வேறு பால். புரதத்தைக் கரைக்கும் ஃபிசின் என்ற நொதி இதில் உண்டு, அதனால் நாக்கும் உதடும் எரியும். சோராலென் என்ற பொருளும் உண்டு. அது தோலில் இருக்கும்போது வெயில் பட்டால் தீப்பட்டது போலக் கொப்புளித்துக் கறுக்கும். கையுறை போட்டு, முழுக்கைச் சட்டையோடு, சாயங்காலத்தில் வெட்டுங்கள். பட்டால் உடனே சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கொப்புளம் பெரிதானால் கிளினிக்குக்குப் போங்கள். பிள்ளைகளை இலை பறிக்க விடாதீர்கள்.

நாம் பால் வெட்டிய மரமும் அத்தியும் வேறு வேறு குடும்பம். பக்கத்துக் கோலா கங்சாரில் 1877-ல் நட்ட கன்றுகளிலிருந்து பெருகிய பால்மரம் பிரேசில்காரன். அதற்கு முன்பே இங்கே ரப்பர் கொடுத்த ரம்போங் என்ற மரம் ஒன்று உண்டு. அத்திக்கு உறவுக்காரன் அதுதான்.

அப்பாவுக்கு இனிப்பு நீர் (சர்க்கரை நோய்). சாப்பிடலாமா?

மரத்துப் பழம் ஒன்றிரண்டு சாப்பிடலாமா என்று அவருடைய டாக்டரிடம் கேளுங்கள். 100 கிராம் உலர்த்தாத பழத்தில் சுமார் 16 கிராம் சர்க்கரை. உலர்ந்ததில் அது மூன்று மடங்கு, எண்ணிப் பார்க்காமல் சாப்பிட்டால் ஏறிவிடும். அத்தி இலை டீ குடிக்கிறேன் என்று மாத்திரையை நிறுத்துகிறவர்களைப் பார்க்கிறேன். தயவுசெய்து நிறுத்தாதீர்கள்.

தோட்டத் தொழிலாளர் லயத்து வீட்டைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார்கள். தரையில் நட்ட ஆறு வருட அத்தி இருக்கிறது. எடுத்துப் போக முடியுமா?

முடியும். இரண்டு மாதம் இருந்தால் பதியம் போடுங்கள். நல்ல நான்கு கிளைகளைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றிலும் ஒரு அங்குல அகலத்துக்குப் பட்டையை வளையமாக உரித்து, வழுவழுப்பைச் சுரண்டிவிடுங்கள். ஈர நார்த்தூளை ஒரு கைப்பிடி வைத்து, பிளாஸ்டிக்கால் சுற்றி, இரு முனையும் கட்டுங்கள். நான்கு முதல் ஆறு வாரத்தில் பிளாஸ்டிக் வழியே வேர் தெரியும். அது வெள்ளையிலிருந்து பழுப்பானதும் கீழே வெட்டிப் பாலிபேக்கில் வைத்து, இலைகளில் பாதியைக் கிள்ளிவிட்டு, இரண்டு வாரம் நிழலில் வையுங்கள்.

இரண்டு வாரம்தான் இருக்கிறது என்றால், மரத்தை இடுப்பு உயரத்துக்கு வெட்டி, இலையெல்லாம் எடுத்து, தண்டைச் சுற்றி ஒன்றரை அடி தள்ளி மண்கட்டியோடு தோண்டுங்கள். சாக்கில் இறுக்கிக் கட்டிக் கொண்டுபோய் அன்றைக்கே தொட்டியில் வையுங்கள். வெட்டிய கிளைகளை வீசாமல் குச்சி போடுங்கள், மரம் பிழைக்காவிட்டாலும் குச்சி பிழைக்கும். நார்த்தூளும் பிளாஸ்டிக்கும் என்னிடம் இருக்கின்றன. சுங்கை சிப்புட் பக்கம் என்றால் வந்து வாங்கிக்கொள்ளுங்கள், கட்டுவதற்கு நானும் வருகிறேன்.